கதை முடிந்ததும் நாம் கேட்கும் அந்தக் கேள்வி

“இந்தக் கதையால் அறியப்படும் நீதி என்ன?” என்று பெரியவர் ஒருவர் கேட்ட மறுநொடியே, “பொய் சொல்லக் கூடாது”, “பேராசை பெருநஷ்டம்” என்று பிள்ளைகள் ஒப்பிப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கதையைக் காதில் வாங்காத பிள்ளைகூட இந்த விடையைச் சரியாகச் சொல்லிவிடும். ஏனெனில் அது கதையிலிருந்து பெறப்பட்ட விடை அன்று, கேட்பவரின் குரலிலிருந்து ஊகிக்கப்பட்ட விடை. சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் மனநல ஆலோசனை வழங்கும் பணியில் நான் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் ஆதங்கம், “எத்தனையோ கதை சொல்லி வளர்த்தோம், ஒன்றுமே மனத்தில் ஏறவில்லை” என்பதாகும். ஏறாமல் போனதற்குப் பெரும்பாலும் கதை காரணமில்லை. கதை செய்ய வேண்டிய வேலையை அதன் முடிவில் நாமே செய்துவிடுவதுதான் காரணம் என்பது என் கருத்து.

உவமைக் கதை என்பது அறிவுரைக்குப் போர்த்திய வண்ணத் துணி அன்று. கேட்பவரை முதலில் நீதிபதியின் இருக்கையில் அமர்த்தி, அவர் வாயாலேயே தீர்ப்பை வரவழைத்து, அதன் பிறகே வழக்கு யாருடையது என்று காட்டும் ஒரு நுட்பமான ஏற்பாடு அது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு விவிலியத்தின் இரண்டாம் சாமுவேல் நூலில் இருக்கிறது. தாவீது அரசன் உரியாவின் மனைவியை அபகரித்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகும்படி செய்துவிட்ட பின்னர், நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வருகிறார். வந்தவர் குற்றம் சாட்டவில்லை. ஒரு வழக்கைச் சொல்வதுபோல், ஏராளமான ஆடுமாடுகள் உடைய ஒரு பணக்காரன், தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சமைப்பதற்காக, ஏழை ஒருவன் மகளைப்போல் மடியில் வைத்து வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்டதைச் சொல்கிறார். தாவீது கொதித்தெழுந்து, அப்படிச் செய்தவன் சாவுக்குரியவன் என்றும், அந்த ஆட்டுக்குட்டிக்காக நான்கு மடங்கு திருப்பித் தர வேண்டும் என்றும் தீர்ப்பளிக்கிறான். அதன் பிறகுதான் நாத்தான், “நீயே அந்த மனுஷன்” என்கிறார். இந்த வரியை முதலிலேயே சொல்லியிருந்தால் அரசனிடம் தயாராக நூறு சமாதானங்கள் இருந்திருக்கும். தன் தீர்ப்புக்கு எதிராகத் தானே வாதாடுவது யாருக்கும் எளிதன்று.

புத்தரைச் சார்ந்து வழங்கும் கிசா கௌதமியின் வரலாற்றிலும் இதே நுட்பத்தைக் காணலாம், கதையாகச் சொல்லப்படாமல் செயலாக நடத்தப்பட்டது என்பதே வேறுபாடு. இறந்த குழந்தையை ஏந்திக்கொண்டு மருந்து கேட்டு வந்த தாயிடம், சாவு எல்லோருக்கும் பொது என்று அவர் உபதேசிக்கவில்லை. சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். வீடு வீடாக ஏறி இறங்கியபோது அவளே அதைக் கண்டுகொண்டாள்.

இந்த இடத்தில் ஈசாப் கதைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவற்றின் அடியில் தடித்த எழுத்தில் அச்சிடப்படும் நீதி வரிகளில் பல, பின்னாளில் கதைகளைத் தொகுத்தவர்கள் சேர்த்தவை. அதனால்தான் ஒரே கதைக்கு வெவ்வேறு தொகுப்புகளில் வெவ்வேறு நீதி காணப்படுகிறது. உழைக்கும் எறும்பையும் பாடித் திரிந்த வெட்டுக்கிளியையும் பற்றிச் சொல்லும்போது, “பசி என்று வந்தவனுக்கு எறும்பு ஏன் கொடுக்கவில்லை?” என்று கேட்கும் பிள்ளை கதையைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அச்சிட்ட நீதியைவிட நல்ல கேள்வியை அது கேட்கிறது. அந்தக் கேள்வியை அடக்கிவிட்டு “உழைக்க வேண்டும்” என்ற வரிக்கு அதைத் திருப்பிக் கொண்டுவருவது நமக்குத்தான் நட்டம்.

லூக்கா நற்செய்தியில் வரும் ஊதாரி மைந்தன் கதையை நான் ஆலோசனையில் பயன்படுத்துவதுண்டு. சமய நோக்கில் அன்று, அதன் முடிவுக்காக. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்குத் தந்தை விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வந்த மூத்த மகன், இத்தனை ஆண்டுகள் உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரப்படவில்லை என்று கோபித்து வாசலிலேயே நின்றுவிடுகிறான். தந்தை வெளியே வந்து அவனை அழைக்கிறார். அவ்வளவுதான், அவன் உள்ளே போனானா இல்லையா என்பது சொல்லப்படவில்லை. தம்பிக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது என்ற மனக்குறையோடு அழைத்து வரப்பட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, “அந்த அண்ணன் கேட்டது நியாயம்தானே?” என்றாள். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, அவன் உள்ளே போயிருப்பானா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “போயிருப்பான், ஆனால் சாப்பிட்டிருக்க மாட்டான்” என்றாள். என்ன நடந்தால் சாப்பிடுவான் என்று அடுத்துக் கேட்டபோது, அப்பா அவனோடு தனியாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் சாப்பிடுவான் என்று விடை வந்தது. தன்னைப் பற்றி நேரடியாகக் கேட்டபோதெல்லாம் “தெரியாது” என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அது. பெற்றோரிடம் நான் எதைப் பேச வேண்டும் என்பது அந்த ஒரு விடையிலேயே தெளிவாகிவிட்டது. “பொறாமைப்படக் கூடாது, பார்த்தாயா” என்று கதையை முடித்திருந்தால் இந்தப் பேச்சே நிகழ்ந்திருக்காது.

எல்லா நீதிக் கதைகளும் ஒரே அளவில் பயன் தருவதில்லை என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. காங் லீ, விக்டோரியா தல்வார் உள்ளிட்டோர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 3 முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளிடம், பார்க்கக் கூடாது என்று சொல்லி ஒரு பொம்மையைத் தனியாக விட்டுச் சென்று, பின்னர் ஒரு கதையைப் படித்துக் காட்டி, எட்டிப் பார்த்தாயா என்று கேட்டனர். பொய் சொன்னவனுக்கு மூக்கு நீளும் பினாக்கியோ கதையும், ஓநாய் வந்ததாகப் பொய்க் கூச்சலிட்ட சிறுவன் கதையும் உண்மை பேசுவதைக் கூட்டவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற, பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதைதான் கூட்டியது. அதையே பொய்யின் தீய விளைவைச் சொல்லும் கதையாக மாற்றியபோது அந்தப் பயன் மறைந்துவிட்டது. (உண்மையின் மேன்மையைச் சொல்லும் அந்தக் கதையே, வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் புனைந்ததாகக் கருதப்படுகிறது என்பது வேறு கதை.) அச்சுறுத்தும் கதை, மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதையே பிள்ளைக்குக் கற்பிக்கக்கூடும் என்று நான் எண்ணுகிறேன்.

விலங்குகள் பேசினால் சிறு பிள்ளைகளுக்கு எளிதில் புரியும் என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியன்று. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை, மனிதப் பாத்திரங்களோடும் விலங்குப் பாத்திரங்களோடும் தனித்தனியே படித்துக் காட்டினர்; மனிதர்கள் வரும் கதையைக் கேட்டவர்களே பிறகு தங்கள் ஒட்டுப்படங்களைப் பிறருக்கு அதிகமாகக் கொடுத்தனர். உளவியலாளர் டார்சியா நார்வேஸின் ஆய்வுகளோ, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர், ஆசிரியர் எண்ணிய கருத்தைக் கதையிலிருந்து பெறுவதில்லை என்று காட்டின. ஆகவே மிகச் சிறிய வயதில், கதைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான தொலைவு குறைவாக இருப்பது நல்லது. வளர வளர அந்தத் தொலைவைக் கூட்டலாம்.

பெரியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 1973இல் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய அயலானைப் பற்றிய விவிலியக் கதையான நல்ல சமாரியன் உவமையைப் பற்றியே பேசுவதற்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினர். வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சரிந்து கிடந்தார். நேரம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முனைந்தனர். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினர். பேசப்போகும் பொருள் அந்த உவமையாக இருந்ததால் குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் ஏற்படவில்லை. இரக்கத்தைப் பற்றிக் காலையில் கதை சொல்லிவிட்டு, நாள் முழுவதும் பிள்ளையை “சீக்கிரம், சீக்கிரம்” என்று விரட்டும் வீடுகளும் பள்ளிகளும் இந்த ஆய்வை நினைவில் கொள்வது நன்று.

கதை சொல்லும் நேரமும் முக்கியமானது. பிள்ளை தவறு செய்து கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கும் வேளையில் சொல்லப்படும் உவமை, உவமையாகக் கேட்கப்படாது, குத்தலாகவே கேட்கப்படும். மற்றவர் முன்னிலையில் ஒரு பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தபடி கதை சொல்வது அதைவிடக் கொடியது; அந்தப் பிள்ளை அதன் பிறகு எந்தக் கதையைக் கேட்டாலும், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று ஐயுற்றே கேட்கும். எவ்விதச் சிக்கலும் இல்லாத நாளில், யாரையும் குறிவைக்காமல் சொல்லி, இந்த மனிதன் வேறு என்ன செய்திருக்கலாம் என்று மட்டும் கேட்டு, விடை வராவிட்டால் வராமலே விட்டுவிடலாம். சில பிள்ளைகள் வாரக்கணக்கில் கழித்து, வேறு ஏதோ பேச்சின் நடுவே, அந்தக் கதைக்குத் திரும்பி வருகின்றன.

உவமை முற்றிலும் வேண்டாத இடங்களும் உள்ளன. தீ, மின்சாரம், ஆழமான நீர், தகாத தொடுதல் போன்ற பாதுகாப்புச் செய்திகளைச் சுற்றி வளைத்துச் சொல்லி, பிள்ளை தானே பொருளைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்க முடியாது. அங்கே ஓநாயும் ஆட்டுக்குட்டியும் வேண்டாம். உடலின் எந்தப் பகுதியை யாரும் தொடக் கூடாது, தொட்டால் உடனே யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி, நேரடியாகவே கூறிவிட வேண்டும்.