மங்கல் திரையில் இல்லை

“ஒரே விலையில் இரண்டு மானிட்டர்கள். இரண்டும் 27 அங்குலம். ஒன்று 4கே, 60 ஹெர்ட்ஸ்; மற்றது 1440பி, 165 ஹெர்ட்ஸ். துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகள்தான் அதிகம் ஆடுவேன். எதை வாங்கலாம்?” என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். போகிறபோக்கில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்: “கண்ணுக்கு நொடிக்கு 24 படங்களுக்கு மேல் தெரியாது என்கிறார் கடைக்காரர். அப்படியென்றால் 165 எதற்கு?” என்னை எழுத உட்கார வைத்தது இந்த இரண்டாவது கேள்விதான்.

4கே, 1440பி என்பவை திரையில் எத்தனை பிக்சல், அதாவது புள்ளி, என்பதைச் சொல்பவை. ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. அளவையும் பிக்சலையும் சட்டென்று முடித்துவிடலாம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். திரைக்கு 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் அது ஏறக்குறைய 0.17 மி.மீ. இனி 27 அங்குலத் திரையில் ஒரு பிக்சலின் அகலத்தைப் பாருங்கள்: 1080பி என்றால் 0.31 மி.மீ., 1440பி என்றால் 0.23, 4கே என்றால் 0.16. முதலாவதில் எழுத்துகளின் ஓரம் கோலப்புள்ளி வைத்ததுபோலத் தெரியும். 1080பி வேண்டுமென்றால் 24 அங்குலத்தோடு நின்றுவிடுவது நல்லது. 4கே-யில் புள்ளி கண்ணுக்குப் பிடிபடாது, எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கிராபிக்ஸ் கார்டு 83 லட்சம் பிக்சல்களைக் கணக்கிட வேண்டும். 1440பி-க்கு 37 லட்சம் போதும்.

அடுத்து ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லிநொடி நிற்கும். 165-இல் ஏறக்குறைய 6. இது எல்லோருக்கும் தெரிந்த வகுத்தல் கணக்கு. 60-இல் வேகமாக ஓடும் எதிரி ஏன் மங்கலாகத் தெரிகிறான் என்பதில்தான் சுவாரசியம். “பிக்சல் மெதுவாக நிறம் மாறுகிறது” என்பது வழக்கமான பதில். பழைய எல்சிடி திரைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். புதுவகை ஓஎல்இடி திரையின் பிக்சலோ ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் நிறம் மாறிவிடும். அதிலும் 60 ஹெர்ட்ஸில் அந்த மங்கல் இருக்கிறது! கேமராவை அசையாமல் பிடித்து அந்தத் திரையைப் படம் எடுத்தால் எதிரி கூர்மையாகவே விழுவான். திரையில் இல்லாத மங்கல் எங்கிருந்து வருகிறது?

ஒரு சிறு சோதனை. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி, பார்வையை இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு போகச் செய்யுங்கள். எவ்வளவு முயன்றாலும் கண் தவளைபோலத் தத்தித் தத்தித்தான் போகும். இப்போது கட்டைவிரலை நீட்டி மெல்ல நகர்த்தி அதைப் பின்தொடருங்கள். எண்ணெய் விட்டதுபோலக் கண் வழுக்கிக்கொண்டு போகும். பின்தொடர ஏதாவது நகர்ந்தால்தான் கண்ணுக்கு இந்த ஓட்டம் கைகூடும்.

திரையில் எதிரி நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 60 ஹெர்ட்ஸில் அவன் உண்மையில் ஓடுவதில்லை. ஓரிடத்தில் 16.7 மில்லிநொடி சிலையாக நிற்கிறான். பிறகு 16 பிக்சல் தள்ளி மறுபடியும் சிலையாகிறான். கண்ணுக்கு இந்தச் சூது தெரியாது. அவன் ஓடுவதாகவே நம்பி, சீரான வேகத்தில் பின்தொடர்கிறது. படம் நிற்கும்போது கண் 16 பிக்சல் நகர்ந்துவிடுகிறது. நின்ற படம் விழித்திரைமேல் அவ்வளவு தூரம் இழுபடுகிறது. ஓடும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து சாலையோர வேலியைப் பார்த்தால் கம்பிகள் கோடாக இழுபடுமே, அதேதான். வேலி திரை, பஸ் உங்கள் கண். 165 ஹெர்ட்ஸில் இந்த இழுவை 6 பிக்சலுக்குள் அடங்கிவிடும், 240-இல் 4. பெட்டியில் கொட்டை எழுத்தில் போடும் ‘1 மில்லிநொடி’ பெரும்பாலும் பிக்சல் நிறம் மாறும் நேரம்தான். இந்த மங்கலுக்கு அது மருந்தல்ல.

பழைய குழாய் மானிட்டரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. எலக்ட்ரான் கற்றை பட்ட புள்ளி மின்னி உடனே அணைந்துவிடும். இழுபடுவதற்கு அங்கே படமே நிற்காது. இன்றைய சில மானிட்டர்கள் பின்னொளியை விட்டுவிட்டு எரியவைத்து அதையே நடிக்கின்றன. வெளிச்சம் குறையும், சிலருக்குத் தலைவலியும் வரும்.

கண் வழுக்கி ஓடுவதையும் தத்துவதையும் 1903-லேயே வகைபிரித்து எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் ரேமண்ட் டாட்ஜ். “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்ற கட்டத்தை நிரப்பினால்தான் நிதி என்று அவரிடம் சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? அந்தக் கட்டத்தை ஆராய்ச்சி விண்ணப்பங்களிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடைக்காரரின் 24, சினிமாவிலிருந்து வந்தது. பேசும்படம் வந்தபோது ஒலிக்காகவும் பிலிம் செலவுக்காகவும் ஒத்துக்கொண்ட எண் அது. கண்ணின் எல்லை அல்ல. 24 படங்களை அப்படியே காட்டினால் வெளிச்சம் படபடத்துக் கண்ணை உறுத்தும் என்பதால், பிலிம் புரொஜெக்டர் ஒவ்வொரு படத்தையும் இரண்டு மூன்று முறை மின்னவிட்டே காட்டியது.

ஆகவே தம்பி, 165 ஹெர்ட்ஸையே வாங்குங்கள். நாள் முழுக்கப் படிப்பதும் எழுதுவதுமாக இருந்தால் 4கே என்றிருப்பேன். 240-க்கும் 480-க்கும் ஏங்க வேண்டாம்: 60-இலிருந்து 120-க்குப் போனால் 8.3 மில்லிநொடி மிச்சம். 240-இலிருந்து 480-க்குப் போனால் 2.1 மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 60 படங்களே தந்தால், 165 ஹெர்ட்ஸ் திரையும் அந்த 60-ஐத்தான் நிறுத்தி நிறுத்திக் காட்டும். அதனால் கார்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்ததும் விண்டோஸின் திரை அமைப்புக்குள் போய் 165 என்று மாற்ற மறக்காதீர்கள். பல கணினிகளில் அது 60-இலேயே கிடக்கும். நான் 144 ஹெர்ட்ஸ் திரையை மூன்று மாதம் 60-இல் ஓட்டிக்கொண்டு, “பார்த்தாயா, என்ன வழவழப்பு!” என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்களும் ஆமாம் என்றார்கள்.