பதின்போட்டி

டெகாத்லான் என்றதும் இன்று பலருக்கு விளையாட்டுப் பொருள் விற்கும் கடைதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயர் தடகளத்திலிருந்து வந்தது: ஒரே வீரர் இரண்டு நாளில் பத்து விளையாட்டுகளில் ஆடி, எல்லாப் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கும் போட்டி அது. கிரேக்கத்தில் 'டெகா' என்றால் பத்து, 'ஆத்லோஸ்' என்றால் போட்டி. சொல் கிரேக்கம்தான்; ஆனால் பண்டைய கிரேக்கர்கள் ஆடியது ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த பெண்டாத்லான். அதைப் பார்த்துப் பின்னாளில் கட்டிய சொல் இது. ஒலிம்பிக்கில் இந்தப் பெயரோடு பத்தும் ஒன்றாக வந்தது 1912இல், ஸ்டாக்ஹோமில்.

ஜெர்மானியர்கள் இதைத் தங்கள் மொழியிலேயே 'ட்சேன்காம்ஃப்' என்கிறார்கள். 'ட்சேன்' பத்து, 'காம்ஃப்' சண்டை, போராட்டம். சண்டை என்பது மிகையோ என்று தோன்றினால், ஜெர்மன் வீரர் வில்லி ஹோல்டோர்ஃபின் கடைசி ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

1964, டோக்கியோ ஒலிம்பிக். ஹோல்டோர்ஃபுக்கு வயது 24. முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர். மறுநாள் தடை தாண்டும் ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல். ஒன்பது முடிந்தபோது அவர்தான் முன்னிலை. மிச்சம் 1500 மீட்டர். சோவியத் வீரர் ரெய்ன் ஆவுன் அதில் அவரைவிட வேகமானவர். ஹோல்டோர்ஃப் அந்த ஓட்டத்தில் ஜெயிக்க வேண்டியதில்லை, ஆவுனை ரொம்ப தூரம் போக விடாமல் இருந்தால் போதும். கடைசி நேர்ப்பாதையில் கால்கள் பின்னின. தள்ளாடியபடியே கோட்டைத் தொட்டு அங்கேயே சாய்ந்தார். கணக்குப் பார்த்தால் 7887க்கு 7842. 45 புள்ளியில் தங்கம்! 1932 முதல் 1960 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்கிலும் அமெரிக்கர்களே வென்றிருந்த பதக்கம், முதல்முறையாக ஒரு ஜெர்மானியருக்கு வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பத்து அம்சப் போட்டி' என்று எழுதுவதுண்டு. பொருள் தவறில்லை. ஆனால் அது ஒரு விளக்கம், பெயராக நிற்கவில்லை. 'பத்துப் போட்டிகள்' என்றாலோ தனித்தனியாகப் பத்துப் பதக்கம் என்று நினைக்கத் தோன்றும். இங்கே ஒவ்வொன்றிலும் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டி, ஒரே வெற்றியாளரை அறிவிக்கிறார்கள். ஒன்பதில் சேர்த்ததைப் பத்தாவதில் இழந்துவிடலாம். அந்த ஒருமை சொல்லிலும் வர வேண்டும்.

தமிழில் அதற்கு வழி இருக்கிறது. எண்ணுப்பெயர் இன்னொரு சொல்லோடு சேரும்போது உருமாறும்: ஐந்து ஐம்புலன் ஆகிறது, ஏழு எழுபிறப்பு ஆகிறது. பத்து 'பதின்' ஆகும். திருக்குறளுக்குப் பழைய உரை எழுதிய பத்துப் பேரைப் பதின்மர் என்கிறோமே, அதே 'பதின்'தான். அப்படிச் சேர்த்தால் பதின்போட்டி. பெண்டாத்லான் ஐம்போட்டி, பெண்கள் ஆடும் ஹெப்டாத்லான் எழுபோட்டி. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் எனக்கு இவைதான் பிடித்தம்.

ஆடுபவர் பதின்போட்டியாளர். ஹோல்டோர்ஃப் அதோடு நிற்கவில்லை. அப்புறம் பயிற்சியாளராகி, கோலூன்றித் தாண்டும் கிளவுஸ் ஷிப்ரோவ்ஸ்கியை 1968 மெக்சிகோவில் வெள்ளிவரை கொண்டுபோனார்.