மீசான்சென்: நம்ம ஊர்ச் சொல்லில் ‘சீன் போடுவது’

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டீக்கடை. இரவுக்காட்சி முடிந்து வந்த நண்பர் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டே “படத்துல மீசான்சென் பிரமாதம்” என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் “மீசையா? ஒருத்தனுக்கும் மீசை ஒழுங்கா இல்லையேப்பா” என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் பெரியவர் ரொம்பத் தள்ளிப் போய்விடவில்லை, ஏனென்றால் ஒரு பாத்திரத்தின் மீசை முறுக்கியிருக்கிறதா, தொங்குகிறதா, அரையும் குறையுமாக மழித்திருக்கிறதா என்பதும் அந்தச் சொல்லுக்குள் வருகிற சமாச்சாரம்தான்.

கேமராவுக்கு முன்னால் என்னென்ன வைக்கப்பட்டிருக்கிறது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் மீசான்சென். இடம், பொருட்கள், உடை, ஒப்பனை, வெளிச்சம், நடிகர்கள் நிற்கிற இடம், அவர்கள் நகர்கிற விதம் எல்லாம் இதில் சேரும். வசனம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, இவை வேறொன்றைச் சொல்லும்.

சொல் பிரெஞ்சு நாடக மேடையிலிருந்து வந்தது. ‘மீஸ்’ என்றால் வைத்தல், ‘ஆன் சென்’ என்றால் மேடையில். அந்த ‘சென்’னைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் லத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் ‘ஸ்கேனே’யில் போய் நிற்கும். அதற்குக் கூடாரம், கொட்டகை என்று பொருள். நடிகர்கள் உடை மாற்றிக்கொள்ள ஆடுகளத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையையும் அப்படித்தான் அழைத்தார்கள். ஆங்கிலம் வழியாக நாம் வாங்கிக்கொண்ட ‘சீன்’ அதன் பேரப்பிள்ளை. மதுரைப் பக்கம் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், சீன் என்றால் பின்னால் தொங்குகிற படுதா. தர்பார் சீன், தெரு சீன், வள்ளி தினைப்புனம் காக்க வரும்போது காட்டு சீன். ஆக, பிரெஞ்சுக்காரர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் ‘சீன் போடுவது’ என்றுதான் வரும். ‘ரொம்ப சீன் போடாதே’ என்று நாம் திட்டுவதற்கும் இதுதான் வேர் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

அரங்கை அமைக்கிற இந்த யோசனை நமக்குப் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடப்போகிற மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறார்கள்: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், ஏற்ற வாயில் இரண்டு. அப்புறம் ஒரு வரி வரும், ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’ என்று. தூணின் நிழல் ஆடுகிறவள்மேல் விழாமல் வெளியே விழும்படி விளக்கை நிறுத்தினார்களாம். இன்றைக்கும் படப்பிடிப்பில் லைட்மேன் மண்டையை உடைத்துக்கொள்கிற அதே பிரச்சினை! அந்த இடத்தில் வரும் வினைச்சொற்களையும் கவனியுங்கள்: பூதரை எழுதி மேல்நிலை *வைத்து*, விளக்கு *எடுத்து*, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகளை *வகுத்து*. எல்லாம் ‘மீஸ்’தான்.

சரி, இது எப்படிப் பொருள் தருகிறது? ‘சிட்டிசன் கேன்’ (1941) என்ற அமெரிக்கப் படத்தில் முன்னால் மேசையில் தாய் மகனை இன்னொருவர் பொறுப்பில் விடும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறாள், நடுவில் அப்பா ஒன்றும் செய்யமுடியாமல் நிற்கிறார், தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே பனியில் அந்தப் பையன் எதுவும் தெரியாமல் விளையாடுகிறான். பையனை யாரும் அடைத்துவைக்கவில்லை, ஜன்னல் சட்டம் அடைத்துவிட்டது. இதையே உசிலம்பட்டிப் பக்கத்து வீடு ஒன்றில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சண்டை போட்டுக்கொண்டு போன மகன் பல வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கிறான். அப்பா திண்ணையில், தூணுக்கு அந்தப் பக்கம், முகம் தெருவைப் பார்த்து. பட்டாசாலை இருட்டைத் தாண்டி உள்ளே அடுப்படி வெளிச்சத்தில் அம்மா, எழுந்தும் எழாமலும். ஒருவரும் வாய் திறக்க வேண்டாம். தூணை எடுத்துவிட்டு அப்பாவை மகனுக்கு நேராக உட்காரவைத்துப் பாருங்கள், வேறு கதையாகிவிடும்.

தமிழில் என்ன சொல்வது? ‘வைப்பு’தான் நேர்ச்சொல். ஆனால் ‘காட்சிவைப்பு’ என்று எழுதினால் பாதிப் பேருக்கு வங்கி ஞாபகம் வரும், மீதிப் பேருக்கு வேறு ஞாபகம் வரும், விட்டுவிடலாம். ‘காட்சியமைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அமைவு தானாக அமைந்தது, அமைப்பு ஒருவர் அமைத்தது. இங்கே அமைத்தவர் இருக்கிறார், ஆகவே ‘காட்சியமைப்பு’தான் சரி. விமர்சனங்களில் திரைக்கதையைப் பற்றிப் பேசும்போதும் ‘காட்சியமைப்பு நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் குழப்புகிறோம், அதற்குக் ‘காட்சி’ என்றாலே போதும். ‘சட்டக அமைப்பு’ வேறு. அது கேமரா எதை உள்ளே எடுத்து எதை வெட்டுகிறது என்பது.

1951இல் தொடங்கிய ‘கையே து சினிமா’ என்ற பிரெஞ்சு சினிமா இதழின் விமர்சகர்கள்தான் மேடைக்குரிய இந்தச் சொல்லைச் சினிமா விமர்சனத்தில் பெரிய விஷயமாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆட்கள் சொந்தப் பார்வை இல்லாமல் யாரோ எழுதிக் கொடுத்ததைச் சுத்தமாக எடுத்துத் தருகிற இயக்குநரை ‘மெத்தர் ஆன் சென்’, அதாவது சீன் போடுகிறவர், என்று கொஞ்சம் இளப்பமாகத்தான் சொன்னார்கள்.