மேப்பைத் தொடுமுன் எர்த்தை அளந்து பாருங்கள்

கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் வளவு வீடுகளில் ஆண்டில் பாதி நாள் அசையாமல் நிற்கும் பழைய கார்களில், கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டரும் தனி ஈசியுவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொருத்தினால் முதலில் தொல்லை கொடுப்பது எர்த்தான், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. ரேடியேட்டர் ஃபேன் ஓடியதும் ஐடில் ஆடும்; செல்ஃப் அடிக்கும்போது ஈசியு ரீசெட் ஆகும். உடனே லேப்டாப்பைத் திறந்து மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று ஈசியுவுக்குச் சொல்லும் அட்டவணை) மாற்றாதீர்கள்.

மீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்துவிட்டு "எர்த் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டுவதும் தவறு. பத்து இழை அறுந்து ஓரிழை மிஞ்சிய ஒயரும் மீட்டரில் சுழியம்தான் காட்டும். கரண்ட் ஓடும்போதுதான் குறை வெளிப்படும். இன்ஜினை ஓட்டி, ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல), மறுமுனையை ஈசியுவின் எர்த் பின்னிலும் பிடியுங்கள். 50-க்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் கிளாம்ப், பாடி போல்ட், இன்ஜின் பிளாக் என ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்து, அளவு எங்கே எகிறுகிறது என்று பிடிக்கலாம்.

இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் பிளாக்கிலிருந்து பேட்டரிக்குத் தடித்த ஸ்ட்ராப் கட்டாயம் வேண்டும். பெயின்ட்டின் மேல் லக்கை (ஒயர் முனையிலுள்ள உலோக வளையம்) முறுக்கினால் நாளடைவில் ஈரம் புகுந்து துருப்பிடிக்கும். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) 1953 முதல் ஆராய்ந்து வரும் அரிமானம்தான் இது: செம்பு லக்கும் இரும்பு பாடியும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு கரையும். பெயின்ட்டைச் சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

சென்சார் எர்த்தை பாடியில் கட்டவே கூடாது. ஈசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே போக வேண்டும். புகையிலிருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் கன்ட்ரோலரின் எர்த்தும் முக்கியம். 0–5 வோல்ட்டை 10–20 விகிதமாகக் காட்டும் கருவியில், அதன் எர்த் 0.1 வோல்ட் உயர்ந்தாலே ஈசியு 0.2 லீனாக (பெட்ரோல் குறைவாக இருப்பதாக) படித்து, வீணாகப் பெட்ரோல் சேர்க்கும்.

பாசிட்டிவ் பக்கமும் அப்படித்தான். பேட்டரி பாசிட்டிவுக்கும் ஈசியு பவர் பின்னுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் ரிலேயையும் ஃபியூஸ் ஹோல்டரையும் பாருங்கள். ஈசியு தன் பின்னில் தெரியும் வோல்ட்டேஜை வைத்துத்தான் இன்ஜெக்டர் திறக்கும் தாமதத்தை ஈடுகட்டும். இன்ஜெக்டருக்கு 13.9 போய், ஈசியுவுக்கு 13.2 வந்தால் கலவை ரிச்சாகும் (பெட்ரோல் கூடிவிடும்). செல்ஃப் அடிக்கையில் பேட்டரி 9.5-க்குக் கீழே போனால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள்.

1960-களுக்கு முந்தைய பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். அதைக் கவனிக்காமல் ஈசியுவை இணைத்தால் அது கருகிவிடும். நெகட்டிவ் எர்த்தாக மாற்றும்போது இக்னிஷன் காயில், அம்மீட்டர் ஒயர்களையும் மாற்றிப் போட வேண்டும். ஐடிலில் போதிய சார்ஜ் தராத பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரே வையுங்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும்.