நாலு நோ ட்ரம்ப் என்றாலே ஏஸ் கேட்பதா?

கும்பகோணத்தில் போன மாதம் நடந்த ஒரு பிரிட்ஜ் சீட்டாட்ட ஜோடிப் போட்டியில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு நண்பர்கள் மேஜையிலேயே சண்டை போட்டுக்கொண்டு பாதியில் கிளம்பிவிட்டார்கள். ஒரே தெருக்காரர்கள். போட்டியின் நடுவர், அதாவது டைரக்டராக அந்த மேஜைக்கு ஓடியவன் நான். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று சுற்றி பிரிட்ஜ் சொல்லிக்கொடுப்பது என் தொழில் என்பதால் இந்த மாதிரிச் சண்டைகள் எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்த வருஷம் அளவுக்கு மீறிப் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

தெற்கில் இருந்தவர் 1 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு பிடி எடுப்போம்) என்று ஏலத்தைத் திறந்தார். அவர்கள் வழக்கப்படி அதற்கு, பெரிய சீட்டுகளின் மதிப்பைக் கூட்டினால் 15 முதல் 17 பாயிண்ட். கையில் இருந்தது சரியாக 15. எதிரே வடக்கில் இருந்த பார்ட்னரிடம் 16, எல்லா ஜாதியும் (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளாவர்) பரவலாக உள்ள கை. அவர் நேராக 4 நோ ட்ரம்ப் என்றார். தெற்கு 5 ஹார்ட் என்று பதில் சொன்னார். நண்பர் மேலே போகச் சம்மதித்துவிட்டார் என்று நினைத்து வடக்கு 6 நோ ட்ரம்புக்குப் போனார். அதற்குப் பன்னிரண்டு பிடி வேண்டும், பத்துப் பிடிதான் கிடைத்தது. வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடும் நிலை) வேறு, ஆக 200 நஷ்டம். நாலிலேயே நின்றிருந்தால் அதே பத்துப் பிடிக்கு 630 லாபம்.

“ஏஸ் கேட்டார், ரெண்டு இருக்குன்னு சொன்னேன். நாலு நோ ட்ரம்ப்னா ஏஸ் கேக்கறது, ஊருக்கே தெரியும் சார்!” என்கிறார் ஒருவர். “நான் எங்கே ஏஸ் கேட்டேன்? பதினேழு இருந்தா ஆறுக்கு வான்னு கேட்டேன்” என்கிறார் மற்றவர்.

இதில் வடக்கு சொன்ன அர்த்தம்தான் பொதுவழக்கு. பார்ட்னரின் 1 நோ ட்ரம்பை நேராக நாலுக்கு உயர்த்தினால் அது அழைப்பு. பாயிண்ட் அதிகமாக இருந்தால் ஆறுக்கு வா, குறைவாக இருந்தால் பாஸ். சின்ன ஸ்லாமுக்கு, அதாவது பன்னிரண்டு பிடி எடுக்கும் ஆறு ஏலத்துக்கு, இருவர் கையிலும் சேர்த்து ஏறத்தாழ 33 பாயிண்ட் வேண்டும். மொத்தமே 40. நம்மிடம் 33 இருந்தால் எதிரணியிடம் மிஞ்சுவது 7. ஏஸ் ஒன்றுக்கு 4, இரண்டு ஏஸ் என்றாலே 8 ஆகிவிடும். ஆக, பாயிண்ட் போதுமானதாக இருந்தால் எதிரணியிடம் இரண்டு ஏஸ் இருக்கவே முடியாது. அப்புறம் ஏஸ் கேட்டு என்ன ஆகப் போகிறது? அங்கே தெரிய வேண்டியது பார்ட்னரிடம் 15 இருக்கிறதா, 17 இருக்கிறதா என்பதுதான். ஏஸ் கேட்டே ஆக வேண்டிய கை என்றால் அதற்கு 4 கிளாவர் என்று சொல்லும் கெர்பர் முறை இருக்கிறது.

ஆனாலும் தப்பு யார்மேல் என்று அவர்கள் என்னைக் கேட்டபோது, இருவர்மேலும்தான் என்றேன். இந்த ஒரு ஏலத்தைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதே இல்லை. அவர்கள் ஆடுவதாகச் சொன்ன கன்வென்ஷன்களோ (ஒரு ஏலத்துக்கு ஜோடி முன்பே பேசிவைத்துக்கொள்ளும் தனி அர்த்தம்) ஒரு பக்கம் நிறையும். ஸ்டேமன், ட்ரான்ஸ்ஃபர், பிளாக்வுட், டிரூரி, மைக்கேல்ஸ், லெபென்சோல். லெபென்சோலில் 2 நோ ட்ரம்ப் எப்போது வரும் என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு பதில்.

கன்வென்ஷன் கூடினால் ஆட்டம் கூடும் என்ற இந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய எரிச்சல். வகுப்புக்கு வந்து மூன்றாம் வாரமே “சார், அடுத்த கன்வென்ஷன் எப்போ?” என்கிறார்கள். யூடியூபில் ஒன்று பார்த்துவிட்டு வருகிறார்கள், ஆன்லைனில் ரோபோவோடு ஆடி இன்னொன்று பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ரோபோவுக்கு அதன் முறை முழுக்கப் பாடம். எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் மைத்துனருக்குப் பாடமா? கன்வென்ஷன் என்பது ஒருவர் கற்றுக்கொண்டு போய் மேஜையில் காட்டும் வித்தையே இல்லை. இருவர் ஒரே மாதிரி புரிந்துகொண்டால்தான் அது உயிரோடு இருக்கும். டெல்டாக்காரர்களுக்கு முறைப்பாசனம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கிழமை தலைமடைக்கு, அந்தக் கிழமை கடைமடைக்கு என்று இரு தரப்பும் ஒரே கணக்கை வைத்திருந்தால் தண்ணீர் போய்ச் சேரும். ஆளுக்கொரு கணக்கு என்றால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

இன்னும் சொல்கிறேன். ஒரு கன்வென்ஷனின் முதல் ஏலத்தைத் தெரிந்துகொள்வது பாதிக்கும் கீழே. 1 நோ ட்ரம்புக்கு 2 டைமண்ட் என்றால் ஹார்ட் ட்ரான்ஸ்ஃபர், அதாவது என்னிடம் ஹார்ட் நீளமாக இருக்கிறது, நீ ஹார்ட் சொல் என்பது, சரி. நடுவில் எதிரணி, கணக்கை இரட்டிக்கும் டபுள் சொன்னால்? எதிரணி 2 ஹார்ட் என்று குறுக்கே வந்த பிறகு பார்ட்னர் சொல்லும் 2 ஸ்பேட் ட்ரான்ஸ்ஃபரா, உண்மையான ஸ்பேடா? எதிரணி முதலில் திறந்து, அதற்கு மேல் நாம் 1 நோ ட்ரம்ப் சொல்லியிருந்தால் ட்ரான்ஸ்ஃபர் உண்டா, இல்லையா? என் மேஜைகளில் ஜோடிகள் இடறி விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது, மூன்றாவது ஏலத்தில்தான். அதைப் பேசி முடிக்காத கன்வென்ஷனை ஆடாமல் இருப்பதே மேல்.

பிளாக்வுட்டையும் சொல்லிவிடுகிறேன். 1933-ல் ஈஸ்லி பிளாக்வுட் உருவாக்கிய, 4 நோ ட்ரம்ப் சொல்லி ஏஸ் கேட்கும் இந்த முறையை நம் ஆட்கள் ஸ்லாம் தேடும் கருவியாக வைத்திருக்கிறார்கள். அதன் வேலை அதற்கு நேர் எதிர். பலம் போதும், துருப்பும் முடிவாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, இரண்டு ஏஸ் இல்லாமல் ஆறுக்குப் போய்விடாமல் நம்மைத் தடுப்பதுதான் அது. கையில் ஒரு ஜாதி சுத்தமாக இல்லை என்றால் பிளாக்வுட் கேட்காதீர்கள், பார்ட்னரின் ஏஸ் எந்த ஜாதி என்று அது சொல்லாது. எதிரணி முதல் இரண்டு பிடியையும் எடுத்துவிடக்கூடிய ஜாதி கையில் இருந்தாலும் கேட்காதீர்கள். துருப்பு கிளாவர் என்றால், ஒரு ஏஸ் என்று சொல்லும் 5 டைமண்டே உங்களை 5 கிளாவரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்டேமனும் அப்படித்தான். 5 பாயிண்டை வைத்துக்கொண்டு, ஹார்ட்டோ ஸ்பேடோ நாலு உண்டா என்று 2 கிளாவர் கேட்கிறார்கள். பார்ட்னர் 2 டைமண்ட், அதாவது இல்லை, என்று சொல்லிவிட்டால் அடுத்து எங்கே போவது என்ற யோசனையே இருப்பதில்லை.

இவ்வளவு கன்வென்ஷன் படிக்கிறவர்கள் கையை எடை போடக் கற்றுக்கொள்வதில்லை. ஸ்பேடில் ராணி, ஜாக்கி. ஹார்ட்டில் ராஜா, ஜாக்கி, 4. டைமண்டிலும் கிளாவரிலும் ராணி, ஜாக்கியோடு இரண்டிரண்டு சின்னச் சீட்டு. கூட்டினால் 13 பாயிண்ட். இன்னொரு கை: ஸ்பேடில் ஏஸ், ராஜா, 9, 8, 6, ஹார்ட்டில் ஏஸ், 10, 9, 7, 4, இரண்டு சின்ன டைமண்ட், ஒரு சின்ன கிளாவர். இதில் 11தான். முதல் கையைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறார்கள், இரண்டாவதைப் பாஸ் செய்கிறார்கள். முதல் கையில் ஒரு ஏஸ்கூட இல்லை. இரண்டாவது கையோ, பார்ட்னரிடம் ஸ்பேடோ ஹார்ட்டோ நாலு இருந்தால் கேமுக்கே (பெரிய போனஸ் தரும் ஏலம்) ஓடக்கூடியது. ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1 என்ற கணக்கு ஆரம்பத்துக்கு ஒரு பிடிமானம். துருப்பு ஆட்டத்தில் அது ஏஸைக் குறைத்தும் ராணி, ஜாக்கியைக் கூட்டியும் மதிப்பிடுகிறது. உங்களுக்கு வலப்பக்க எதிரணி ஸ்பேட் சொன்னால் உங்கள் ஸ்பேட் ராஜாவின் விலை ஏறும், இடப்பக்கம் சொன்னால் இறங்கும். இதை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, ஒவ்வொரு ஏலத்துக்கும் கையை மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது ஜாடை. 304-உம் 28-உம் திண்ணையில் ஆடி வளர்ந்தவர்கள் நாம். அங்கே தொண்டையைச் செருமுவதும் சீட்டை ஓங்கி அடிப்பதும் ஆட்டத்தோடு சேர்ந்தது. பிரிட்ஜில் அது கூடாது. நீங்கள் யோசித்துவிட்டுப் பாஸ் செய்தால், அந்த யோசனையைப் பார்த்து உங்கள் பார்ட்னர் ஏலம் சொல்லக் கூடாது. எதிரணி கேட்டால் உங்கள் ஏலத்தை விளக்க வேண்டியவர் பார்ட்னர், நீங்கள் இல்லை. ஏலத்தைப் பற்றி நீங்கள் இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவர் தப்பாக விளக்கினால் முகத்தில் ஒரு சுளிப்பும் வரக் கூடாது, அந்த விளக்கம் காதிலேயே விழாதது போல உங்கள் கைக்கு உரியதைச் சொல்ல வேண்டும். பிறகு நீங்கள் காண்ட்ராக்டை (ஏலத்தில் கடைசியாக நின்றதை) ஆடும் பக்கம் என்றால், ஏலம் முடிந்ததும் டைரக்டரைக் கூப்பிட்டுத் திருத்துங்கள். தடுத்து ஆடும் பக்கம் என்றால் ஆட்டம் முடிந்த பிறகுதான் திருத்த வேண்டும். அவர் விளக்கியது சரியாக இருந்து, மறந்தது நீங்கள்தான் என்றால் வாயைத் திறக்கவே வேண்டாம். எதிரணிக்குத் தெரிய வேண்டியது உங்கள் ஒப்பந்தம் மட்டும்தான், கையைக் காட்டத் தேவையில்லை. என்னிடம் வரும் புகார்களில் பாதி இது தெரியாததால் வருவது.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஜோடிப் பிரிவில் நமக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் வயதில் உங்களில் பலருக்குச் சமமானவர்கள், ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடியவர்கள். நீங்கள் மாதம் ஒரு பார்ட்னரை மாற்றிக்கொண்டு புது கன்வென்ஷன் தேடுகிறீர்கள்.

கணவன் மனைவியாக ஆடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மேஜையில் திட்டாதீர்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த அம்மாக்கள் இதனாலேயே வராமல் போயிருக்கிறார்கள், எனக்கு அது மனதை அறுக்கிறது. பேச வேண்டியதை ஆட்டம் முடிந்து, வீட்டுக்குப் போய், சீட்டை மறுபடி விரித்து வைத்துக்கொண்டு பேசுங்கள். “ஏன் அப்படிச் சொன்னே?” என்று ஆரம்பிக்காமல், “இது வந்தா இனிமே என்ன சொல்லலாம்?” என்று கேளுங்கள்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஸ்டேமன், ட்ரான்ஸ்ஃபர், பிளாக்வுட் மூன்றோடு இந்த வருஷத்தை ஓட்டுங்கள். பார்ட்னரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள்: 1 நோ ட்ரம்ப் எத்தனை பாயிண்ட், நடுவில் டபுளோ ஏலமோ வந்தால் என்ன மாறும், நம் டபுள் எதுவரை பார்ட்னரைப் பேசச் சொல்வது, எங்கிருந்து தண்டனை, எந்த நாலு நோ ட்ரம்ப் ஏஸ் கேட்பது, எது அழைப்பு. தனித்தனியாக எழுதுங்கள், பிறகு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராததை அடித்துவிடுங்கள். மேஜையில் ஒருவருக்கு மறந்துபோகிற கன்வென்ஷனையும் அடித்துவிடுங்கள், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம். அடுத்த போட்டிக்கு வரும்போது இருவர் கையிலும் ஒரே மாதிரி நிரப்பிய கன்வென்ஷன் கார்டு இருக்க வேண்டும். உட்காருவதற்கு முன்னால் இரண்டையும் வாங்கிப் பார்ப்பேன்.