கம்ப்யூட்டர் மாறினால் புரோகிராம் ஏன் நின்றுபோகிறது?

காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிற ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விசைப்படகுக்கு எவ்வளவு ஐஸ் போனது, யார் எவ்வளவு பாக்கி என்பதைப் பார்க்க, பாலிடெக்னிக் படிக்கும் மகன் கார்த்திக் பைத்தானில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதித் தருகிறான். மாதக்கணக்கில் அது நன்றாக ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் புதிது வாங்குகிறார்கள். ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து போட்டாலும் 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று சொல்லி நின்றுவிடுகிறது. வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை ஸ்டாக் புரோகிராமும் தண்டையார்பேட்டை லேத் பட்டறையின் பில் புரோகிராமும் இப்படித்தான் நிற்கும். பெரும்பாலும் காரணம் ஒரே வரி.

ஃபைல் இருக்கும் இடத்தை, அதாவது அதன் பாதையை, சொல்லும் அந்த வரி இப்படி இருக்கும்: சி:\யூசர்ஸ்\கார்த்திக்\டெஸ்க்டாப்\ஐஸ்கடை\பாக்கி.டிபி

இதில் புரோகிராமுக்குச் சொந்தமானது 'பாக்கி.டிபி' ஒன்றுதான், அதிகம் போனால் 'ஐஸ்கடை'யையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரின் தற்செயல். புதுக் கம்ப்யூட்டரில் கார்த்திக் என்ற பயனர் இல்லை. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் பேக்கப்பை இயக்கிவிட்டால் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடும். டிரைவ் எழுத்தையும் நம்ப முடியாது. இன்று 'இ' என்று வந்த பென்டிரைவ், வேறொன்று செருகியிருந்தால் நாளை 'எஃப்' ஆகலாம்.

சாய்கோட்டிலும் சிக்கல் உண்டு. விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் 1981-இல் முதலில் வந்தபோது அதில் ஃபோல்டர்களே கிடையாது. முன்சாய்கோட்டை (/) கட்டளைகளின் ஆப்ஷன்களுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோடு (\) வந்தது. ஆனால் பைத்தானில் மேற்கோளுக்குள் வரும் பின்சாய்கோட்டுக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. அதன் பின்னால் சிறிய 'என்' வந்தால் புது வரி, 'டி' வந்தால் டேப். 'யூசர்ஸ்' என்பதன் பெரிய 'யூ' வந்தால், ஏதோ யூனிகோடு எழுத்தின் எண் வரப்போகிறது என்று பைத்தான் எதிர்பார்க்கும். அது வராததால் புரோகிராமைத் தொடங்கவே மறுக்கும். மாணவர்கள் கோட்டை இரட்டையாகப் போட்டு இதைக் கடந்துவிடுகிறார்கள். பிழைச் செய்தி போய்விடும், ஆனால் பாதை கார்த்திக்கின் வீட்டிலேயே இருக்கும்.

சரி, வெறும் 'பாக்கி.டிபி' என்று மட்டும் எழுதிவிட்டால்? இங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. முழுப் பாதை இல்லாத பெயரை, புரோகிராம் அந்த நேரத்தில் எந்த ஃபோல்டரில் 'நிற்கிறதோ' அங்கிருந்துதான் கம்ப்யூட்டர் தேடும். 'இடது பக்கம் மூன்றாவது தெரு' என்று கல்மண்டபத்தில் நிற்பவருக்குச் சொன்ன வழியை வியாசர்பாடியில் நிற்பவர் பின்பற்றினால், அவரும் ஏதோ ஒரு தெருவுக்குப் போய்ச் சேர்வார். புரோகிராமை டபுள் கிளிக் செய்தால் அது பெரும்பாலும் தன் சொந்த ஃபோல்டரில் நிற்கும். அதையே புரோகிராம் எழுதப் பயன்படும் வி.எஸ். கோடில் ஒரு மேல் ஃபோல்டரைத் திறந்து ஓட்டினால், வழக்கமாக அந்த மேல் ஃபோல்டரில் நிற்கும்.

இதோடு, தரவை ஒரே ஃபைலில் சேமிக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட் சேரும்போது விளைவு மோசமாகிறது. திறக்கச் சொன்ன ஃபைல் அங்கே இல்லையென்றால், அது வழக்கமாகப் பிழை காட்டாது. அதே பெயரில் காலியான புது ஃபைலை உருவாக்கிவிடும். 'அட்டவணை இல்லையென்றால் உருவாக்கு' என்ற வரியும் பெரும்பாலும் புரோகிராமில் இருக்கும். திரையில் எந்தக் குறையும் தெரியாது, ஆனால் எல்லாப் படகுக்கும் பாக்கி பூஜ்யம். அதைக் கவனிக்காமல் அன்றைய கணக்கை ஏற்றிவிட்டால், ஒரே கடைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் ஆகிவிடும். ஓடாமல் நிற்கிற புரோகிராமைவிட இதுதான் எனக்குப் பயம். உழைத்துச் சம்பாதித்தவர்களின் பணம் அந்த ஃபைலில் இருக்கிறது.

வழி என்னவென்றால், எந்த ஃபைல் யாருடையது என்று முதலில் பிரித்துக்கொள்வது. லோகோ, பில் மாதிரி போன்றவை புரோகிராமோடு வருபவை. இவற்றைப் புரோகிராம் தான் இருக்கும் இடத்தை வைத்தே தேட வேண்டும். பைத்தானில் முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட 'ஃபைல்' (__file__) என்ற மாறி அந்த இடத்தைச் சொல்லும். 2014-இல் பைத்தான் 3.4-உடன் வந்த பாத்லிப் என்ற துணைத் தொகுப்பு, விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் ஏற்றபடி பாதையை ஒட்டித் தரும்.

பாக்கிக் கணக்கு அப்படிப்பட்டதல்ல; அது கடைக்காரருடையது. அதைப் புரோகிராமுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. பைஇன்ஸ்டாலர் என்ற கருவியில் புரோகிராமை ஒற்றை எக்ஸ்இ ஃபைலாக ஆக்கினால் இன்னும் மோசம். ஓடும்போது உள்ளிருப்பதைத் தற்காலிக ஃபோல்டரில் விரிக்கும், மூடும்போது அதை அழித்துவிடும். அந்த இரட்டை அடிக்கோட்டு மாறி காட்டுவதும் அந்தத் தற்காலிக ஃபோல்டரைத்தான். கணக்கை அங்கே எழுதினால் அன்றைய வியாபாரம் அதோடு போய்விடும். பயனரின் தரவுக்கு விண்டோஸில் ஆப்டேட்டா என்ற இடம் இருக்கிறது. லினக்ஸில் வீட்டு ஃபோல்டருக்குள் '.லோக்கல்/ஷேர்'. இவை எங்கே என்று ஓடும்போது கம்ப்யூட்டரிடமே கேட்டுப் பெறலாம்.

பேக்கப் எடுக்கும் பென்டிரைவ், ஆடிட்டருக்கு அனுப்பும் எக்செல் போன்றவற்றின் இடம் பயனருக்குத்தான் தெரியும். ஒருமுறை ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, செட்டிங்ஸ் ஃபைலில் எழுதிவைத்தால் போதும். அடுத்த முறை அந்த இடம் இல்லையென்றால் மறுபடி கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்றைக் கட்டாயம் செய்யச் சொல்வேன். எஸ்க்யூலைட்டில் ஃபைல் இருந்தால் மட்டும் திற என்று சொல்ல வழி உண்டு. திறக்கும்போது மோடு 'ஆர்டபிள்யூ' (rw) என்று கொடுத்தால், ஃபைல் இல்லாதபோது பிழை வரும். புதுக் கணக்கு தொடங்குவதற்குத் தனி பட்டன் வையுங்கள். திறந்திருக்கும் ஃபைலின் முழுப் பாதையையும் திரையின் அடியில் காட்டுங்கள். போனில் அப்பா படித்துச் சொன்னால், கல்லூரியில் இருந்தபடியே மகன் தவறைப் பிடித்துவிடலாம்.

கடையில் கொடுப்பதற்கு முன் சோதிப்பது சுலபம். புரோகிராமை 'ஐஸ் கடை 2' என்று நடுவில் இடைவெளி விட்ட பெயருள்ள ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். வேறொரு பயனர் கணக்கில் நுழைந்து, வேறொரு ஃபோல்டரில் நின்று ஓட்டுங்கள். பழைய ஃபோல்டரின் பெயரையும் மறக்காமல் மாற்றிவிடுங்கள். அது அதே இடத்தில் இருந்தால், புரோகிராமில் ஒளிந்திருக்கும் பழைய பாதை சத்தமில்லாமல் அங்கேயே போய்ப் படித்துக்கொண்டிருக்கும்.