ஸ்விட்ச் கூற்றும் எண் போலத் தோன்றும் சரங்களும்

பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களை மதிப்பாய்வு செய்யும்போது நான் முதலில் தேடிப் பார்ப்பது, வெளியிலிருந்து வரும் சரத்தை (எழுத்துத் தொடராக உள்ள மதிப்பை), மதிப்புக்கேற்பக் கிளை பிரிக்கும் ஸ்விட்ச் கூற்றில் நேரடியாகக் கொடுத்திருக்கிறார்களா என்பதைத்தான். அந்த மொழியின் ஸ்விட்ச், கேஸ் எனப்படும் ஒவ்வொரு கிளையின் மதிப்பையும் இரட்டைச் சமக்குறியின் (==) விதிப்படி, தரவு வகையைக் கண்டிப்பாகப் பாராமல் ஒப்பிடுகிறது. இரு பக்கமும் எண் வடிவச் சரங்களாக இருந்துவிட்டால், அவற்றை எண்களாக மாற்றிய பிறகே சமமா என்று பார்க்கிறது.

மென்பொருள் பதிப்பெண்ணை வைத்துக் கிளை பிரிக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் "8.1" என்று எழுதிய இடத்துக்கு "8.10" என்ற சரம் வந்தால், இரண்டும் ஒரே எண்ணாகக் கருதப்பட்டு, வேறொரு பதிப்புக்குரிய பகுதி இயங்கிவிடும். "007", "7" என்ற இரு குறியீடுகளுக்கும் இதே கதிதான். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. தவறான தரவு சத்தமில்லாமல் சேமிப்பில் போய்ச் சேர்ந்துவிடும்.

2020 நவம்பரில் வெளியான பிஎச்பி 8.0 இதையெல்லாம் சரிசெய்துவிட்டது என்று நம்புவோர் உண்டு. அது பாதி உண்மையே. அதற்கு முன்பு 0 என்ற எண், எழுத்தில் தொடங்கும் எந்தச் சரத்துடனும் பொருந்தியது, அது நின்றுவிட்டது. ஆனால் எண் வடிவச் சரங்களின் சிக்கல் அப்படியே இருக்கிறது. சரம் வர வேண்டிய இடத்தில் ட்ரூ (உண்மை) என்ற பூலியன் மதிப்பு, அதாவது உண்மை-பொய் வகை மதிப்பு, வந்தால், வெறுமையாகவோ "0" ஆகவோ இல்லாத முதல் சரமே பொருந்திவிடுவதும் தொடர்கிறது.

அதே 8.0 பதிப்பில் ஸ்விட்சுக்கு மாற்றாக வந்த மேட்ச், மும்மைச் சமக்குறியின் (===) விதிப்படி, தரவு வகையையும் சேர்த்து ஒப்பிடுகிறது. ஒரு கேஸை முடிக்கும் பிரேக்கை எழுத மறந்து அடுத்த கேஸுக்குள் வழுக்கும் ஆபத்தும் அதில் இல்லை. எதுவும் பொருந்தாதபோது இயங்கும் டிஃபால்ட் கிளையை எழுதாத நிலையில் எதுவும் பொருந்தாவிட்டால், அது விதிவிலக்கை எழுப்பி நிற்கிறது. இந்தக் குணத்துக்காகவே புதிய நிரல்களில் அதை நான் வலியுறுத்துகிறேன். பழைய பதிப்பிலேயே இருக்க வேண்டியவர்கள், ஸ்விட்சுக்கு ட்ரூ என்று கொடுத்து, ஒவ்வொரு கேஸிலும் மும்மைச் சமக்குறியுடன் முழு ஒப்பீட்டையும் எழுதலாம். பார்க்க அழகாக இராது, ஆனால் சரியாக இயங்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. அங்கே ஸ்விட்ச் கண்டிப்பானது என்பதால், படிவத்தின் உள்ளீட்டுப் பெட்டி தரும் "1" என்ற சரம், கேஸ் 1 என்ற எண்ணுடன் ஒருபோதும் பொருந்தாமல் டிஃபால்டுக்குப் போய்விடும். எண்ணாக மாற்றுவது, ஓரத்து இடைவெளிகளை நீக்குவது ஆகியவற்றை ஸ்விட்சுக்கு முன்பே ஒரே இடத்தில் முடித்துவிடுங்கள். கேஸ்களுக்குள் தனித்தனியே செய்யத் தொடங்கினால், பிற்பாடு சேர்க்கும் ஏதோ ஒரு கேஸில் அது விடுபட்டே போகும்.